ரைட் என்று சொல்லக் கூடாது

கலஹாவிலிருந்து பேராதனைக்குப் போகும் பஸ் பனிமூட்டத்துக்குள் நின்றுவிட்டது. எதிரே ஒரு தேயிலை லொறி. பாதை ஒரு வண்டிக்குத்தான் போதும். பஸ் பின்னால் போனால்தான் லொறிக்கு வழி.

கடைசி ஆசனத்தில் பரிமளம் இருந்தாள். ஏழாம் வகுப்பு. பெரியவளானதும் என்ன வேலைக்குப் போவாய் என்று டீச்சர் அன்று கேட்டபோது, விமானங்களுக்கு வழி சொல்லும் வேலை என்றாள். உயரமான கோபுரத்தில் இருந்துகொண்டு, எது இறங்கலாம், எது காத்திருக்க வேண்டும் என்று விமானிகளிடம் பேச வேண்டும்.

"ஒன் கொரலு முன் வாங்குல இருக்கிறவங்களுக்கே கேக்காது. ஆகாயத்துக்குக் கேக்குமா?" என்றான் கூடப் படிக்கும் கறுப்பையா. வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது சரிதானோ என்று அவள் வழியெல்லாம் யோசித்தாள்.

கண்டக்டர் லெட்சுமணன் இறங்கிப் பின்பக்கம் போனார். இடது பக்கம் பள்ளம். போன வருடம் பரிமளத்தின் அப்பா ஓட்டிய லொறி விழுந்த பள்ளம். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

பஸ் பின்னால் நகர்ந்தது. பயணிகள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ஸ்டியரிங்கை ரைட்டுக்கு, மலைப்பக்கமாக ஒடிக்கும்படி கண்டக்டர் கத்தினார். டிரைவர் வீரையாவின் காதில் 'ரைட்' மட்டும் விழுந்தது. பஸ்ஸில் ரைட் என்றால் 'போகலாம்' என்றுதானே அர்த்தம்? அவர் ஒடிக்காமலே பஸ்ஸைப் பின்னால் விட்டார்.

பின்சக்கரத்தின் அடியில் கற்கள் சரிந்தன. அவை கீழே விழுந்த சத்தம் வரவே இல்லை.

வீரையா பிரேக்கை மிதித்தார். எல்லோரும் அலறினார்கள். பஸ்ஸின் கதவும் பள்ளத்துப் பக்கம்தான். இறங்க வழியில்லை.

பரிமளம் டிரைவரிடம் ஓடினாள்.

"மாமா, ஒருத்தரும் பேசக் கூடாது. கண்டக்டர் மாமா கை காட்டட்டும், நான் பின் ஜன்னல்ல பாத்துச் சொல்றேன். ரைட்னு சொல்ல மாட்டேன். மலைப்பக்கம், பள்ளத்துப்பக்கம், வாங்க, நில்லுங்க, அவ்வளவுதான். நீங்க அதத் திருப்பிச் சொல்லிட்டு அசைங்க."

வீரையா பயணிகளை நோக்கித் திரும்பினார். "வாயத் தொறக்கிறவங்கள இங்கேயே எறக்கி விட்ருவேன்."

யாரும் வாயைத் திறக்கவில்லை.

அவள் கடைசி ஆசனத்துக்குத் திரும்பி ஓடி, பின் ஜன்னல் கண்ணாடியை நகர்த்தி லெட்சுமணனுக்கு விஷயத்தைச் சொன்னாள். அவர் கை மலையைக் காட்டியது.

"மலைப்பக்கம் ஒடிங்க."

"மலைப்பக்கம் ஒடிக்கிறேன்," என்று முன்னாலிருந்து பதில் வந்தது. அவள் குரல் அவ்வளவு தூரம் போயிருந்தது.

"வாங்க."

"வர்றேன்."

பனி மூடியது. கை மறைந்தது.

"நில்லுங்க."

"நின்னுட்டேன்."

நெடுநேரம் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு கை தெரிந்தது. இப்போது அது பள்ளத்தைக் காட்டியது. பஸ்ஸின் பின்பக்கம் மலையை உரச இன்னும் ஒரு சாண்தான்.

இதுவரை பார்க்காத அந்தப் பக்கத்தைப் பரிமளம் இப்போது பார்த்தாள். ஜன்னல் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பள்ளத்துப்பக்கம். கொஞ்சம்."

வீரையா தயங்கினார். "பள்ளத்துப்பக்கம்... கொஞ்சம்."

பஸ் அகலமான இடத்துக்கு வந்து நின்றது. லொறி உரசாமல் கடந்து போனது.

ஏறி வந்த லெட்சுமணன், இதெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்.

"விமானத்துக்கு இப்படித்தான் சொல்வாங்கன்னு புத்தகத்தில இருந்திச்சு. நான் அந்த வேலைக்குத்தான் போகப் போறேன்."

சொன்ன பிறகுதான், தான் தீர்மானித்துவிட்டது அவளுக்கே தெரிந்தது.

"தங்கச்சி, போகலாமா?" என்று கேட்டார் வீரையா.

பரிமளம் எட்டிப் பார்த்தாள். பனிக்குள் இன்னும் இரண்டு விளக்குகள் மேலே ஏறி வந்துகொண்டிருந்தன.

"பொறுங்க."

"பொறுக்கிறேன்," என்றார் வீரையா.

பஸ்ஸிலிருந்த நாற்பது பேரும் பொறுத்தார்கள்.