குறிப்புக் கட்டம்

அன்றைக்கு மழை மட்டும் ஐந்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் மழை யார் சொல்லிக் கேட்டிருக்கிறது?

அவள் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவள். தோளில் கருவிப் பை, கொண்டையில் செருகிய ஒரு திருப்புளி... அவசரத்துக்குத் தேட வேண்டாம் பாருங்கள், அதற்காக. திடீரென்று கொட்டிய மழைக்கு ஒரு மாடிப்படியின் கீழ் ஒதுங்கினாள். பக்கத்து அறையின் கதவு திறந்திருந்தது. வருமான வரிப் படிவங்கள் தயாரித்துத் தரப்படும் என்று பலகை. உள்ளே ஒருவன் தொலைபேசியில் யாருடனோ மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான்.

"வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் உங்க சாஃப்ட்வேர் பழைய கம்ப்யூட்டர்ல திறக்காதுன்னா எப்படிங்க? இப்ப வரைக்கும் நல்லாத்தானே ஓடுது... என்னது, வயசாயிடுச்சா? எனக்கும்தான் முப்பத்தஞ்சு ஆச்சு. என்னையும் மாத்திடுவீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்குப் பின்னால் பெரிய கண்கள்... கோபப்படவே பழகாத கண்கள், கோபப்பட ரொம்பப் பாடுபட்டுக்கொண்டிருந்தன.

"சிரிக்கிறவங்க வெளிய போய்ச் சிரிக்கலாம்."

"வெளியதாங்க நிக்கிறேன். உங்க பேச்சுதான் வெளிய வருது." அவள் எட்டிப் பார்த்தாள். மேஜை மேல் அந்தக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "அடேங்கப்பா... இதை இன்னுமா வச்சிருக்கீங்க? புதுசு ஒண்ணு வாங்குங்க. அரை நாள்ல எல்லாத்தையும் மாத்திக் குடுத்துடறேன்."

"எல்லாம்னா எல்லாமுமா?"

"எல்லாமும்தான்."

அங்கேதான் அவள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள்.

மறுநாளே புது கம்ப்யூட்டர் வந்தது. பெயர்கள், முகவரிகள், பழைய படிவங்கள் எல்லாம் சமர்த்தாக மாறின. ஒவ்வொருவர் பக்கத்தின் அடியிலும் 'குறிப்பு' என்று ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் எழுதியவை மட்டும் வரவில்லை. அவளும் தலைகீழாக நின்று பார்த்தாள். ம்ஹூம்.

"குறிப்புதானே, போனாப் போகுது" என்றாள்.

"அதுக்காகத்தான் இத்தனை வருஷம் மாத்தாமலே இருந்தேன்." அவன் பழைய திரையை அவள் பக்கம் திருப்பினான். "படிச்சுப் பாருங்க. ஆனா இந்த அறையில படிச்சது இந்த அறையோட."

அவள் படித்தாள்.

'இடது காது கேட்காது. வலது பக்கம் உட்கார்ந்து பேசவும்.'

'முதல் பத்து நிமிடம் திட்டுவார். பிறகு தண்ணீர் கேட்பார். கொடுக்கவும்.'

'படிக்கத் தெரியாது, சொல்ல வெட்கப்படுகிறார். "என் கண்ணாடியைக் காணோம்" என்று அவர் சொன்னவுடன், எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக் காட்டவும்.'

வரி என்றால் எண்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். இந்த மனுஷன் வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறவர்களின் மனசு நோகாமல் இருக்க இவ்வளவு மெனக்கெட்டிருக்கிறான்.

"நீங்க படிங்க, நான் அடிக்கிறேன்" என்றாள் கடைசியில். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடலாம்."

புதன், வியாழன்... வெளியே மழை, உள்ளே அவன் குரல், அவள் விரல்கள். நடுநடுவே வம்பு.

"திருப்புளி, மெதுவா அடிங்க. கீபோர்டு என்ன பாவம் பண்ணுச்சு?"

"நீங்க கொட்டாவி விடாமப் படிங்க. நானும் எழுத்துப்பிழை இல்லாம அடிக்கிறேன்."

"கொண்டையில திருப்புளி வச்ச பொம்பளையை நான் இப்பதான் பாக்கறேன்."

"பாத்தது போதும், படிங்க."

அவள் சிரித்தாள்... நிறையவே சிரித்தாள். அவளை யாராவது வம்புக்கு இழுத்து மூன்று வருடமாயிற்று. பத்திரிகை அடித்த பிறகு, பத்து நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை வீட்டார் காரணம் கூடச் சொல்லாமல் அவள் கல்யாணத்தை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து அவளிடம் எல்லாரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். அந்தத் தாழ்ந்த குரல் அவளுக்கு ஆகவே ஆகாது. இந்த அறையில் அது இல்லை. இங்கே அவள் வெறும் திருப்புளி. அது அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று நினைத்தபோது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் அவளை அழைத்துப் போக அண்ணன் குடையோடு வந்தார். கண்ணாடிக்கடை வைத்திருப்பவர்; வருஷா வருஷம் அவனிடம்தான் வரிப் படிவம் போடுகிறவர். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அட, நம்ம வரிக்காரர் அறையிலயா வேலை? சார், இது என் தங்கச்சி."

அவன் எழுந்து நின்றான். என்னவோ சொல்ல வாயெடுத்தவன் வெறுமனே தலையாட்டினான். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லாம் மாறியிருந்தது.

"வாங்க மேடம். உக்காருங்க மேடம்."

"என்ன, திடீர்னு மேடம்?"

"ஒண்ணுமில்லைங்க" என்றான். தாழ்ந்த குரலில்.

வம்பு இல்லை, கேலி இல்லை. அவன் படித்தான், அவள் அடித்தாள். மூன்று மணிக்குக் கடைசிக் குறிப்பும் முடிந்தது. எல்லாம் வந்ததா என்று பார்க்கப் பட்டியலை ஓட்டினாள். ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. அண்ணனுடைய கட்டம்.

"இதை விட்டுட்டீங்க."

"அது... பரவாயில்லை, விடுங்க."

அவள் விடவில்லை. கையை நீட்டிப் பழைய கம்ப்யூட்டரில் அண்ணன் பெயரைத் திறந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி.

'தங்கையின் கல்யாணம் நின்றுவிட்டது. மனிதர் உடைந்து போயிருக்கிறார். அதைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது.'

அவள் காது சுட்டது. அப்படியானால் இந்த மேடம், இந்தக் குரல், இந்த மரியாதை எல்லாம்...

"இதுக்குத்தானா?" என்றாள். "நேத்து வரைக்கும் நான் திருப்புளி. அண்ணன் வந்து நின்னதும் பாவப்பட்ட பொண்ணு ஆயிட்டேன். அப்படித்தானே?"

"இல்லைங்க..."

"ஊரெல்லாம் பாவம் பாத்தாச்சு. நீங்களுமா?" கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள்.

"பாவம் இல்லை. பயம்" என்றான் அவன்.

அவள் நின்றாள். திரும்பவில்லை.

"நேத்து வேலை முடிஞ்சதும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். காலையில இருந்து மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு இருந்தேன். அந்த நேரம் பாத்து உங்க அண்ணன் வந்தார். நீங்க யாருன்னு தெரிஞ்சுது. ராத்திரி வந்து இதைத் திறந்தா, கேட்கக் கூடாதுன்னு நானே எழுதி வச்சிருக்கேன்." அவன் குரல் தடுமாறியது. "யார்கிட்ட எதைக் கேக்கக் கூடாதுன்னு எழுதி வச்சே பழகிட்டேங்க. உங்க மனசு நோகுமோன்னு பேச்சையே குறைச்சேன். அது இன்னும் நோகும்னு எனக்குத் தெரியலை."

அவள் மெல்லத் திரும்பினாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாத்தியார் முன் நிற்கும் பையனைப் போல நின்றிருந்தான். அவளுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அது எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது.

வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். புது கம்ப்யூட்டரில் அண்ணனுடைய காலிக் கட்டத்தைத் திறந்தாள். அடித்தாள். மெதுவாக... அவன் சொல்லிக்கொடுத்த மாதிரி மெதுவாக.

"முடிஞ்சுது. படிச்சுப் பாருங்க."

"நீங்களே சொல்லுங்களேன்."

"என் கண்ணாடியைக் காணோம்" என்றாள், கண்ணாடியே போடாதவள். "சத்தமாப் படிங்க."

அவன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தான்.

"தங்கையின் கல்யாணம் மூன்று வருடத்துக்கு முன் நின்றது. தங்கை நன்றாக இருக்கிறாள்..." அவன் நிறுத்தினான். "இனி கேட்கலாம்."

அவன் நிமிரவே இல்லை. இவ்வளவு சொல்லியும் இந்த மனுஷன் வாயைத் திறக்காவிட்டால் நான் என்ன செய்வேன்...

"திருப்புளி" என்றான். பழைய குரல். தாழாத குரல்.

"ம்."

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க அண்ணன்கிட்ட வந்து பேசட்டுமா?"

"அண்ணன்கிட்ட அப்புறம் பேசிக்கலாம். போன தடவை எல்லாரும் எல்லார்கிட்டயும் பேசினாங்க... என்கிட்ட மட்டும் யாரும் எதுவும் கேக்கலை." அவள் கண் நிறைந்தது. இந்த முறை அவள் பல்லைக் கடிக்கவில்லை. "என்கிட்ட கேளுங்க."

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

"என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"கட்டிக்கிறேன்" என்றாள். "எனக்கும் உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு."