வலது இருக்கையின் எடை

மாஹிரா இறங்கிய பிறகும் விமானம் லேசாகவில்லை.

முதலில் அது தன் கைக்கோளாறு என்றுதான் செந்தமிழ்ச்செல்வி நினைத்தாள். முதன்முதலாகத் தனியாகப் பறக்கிற நாளில் கை ஒழுங்காக வேலை செய்தால்தான் ஆச்சரியம். ஆனால் பயிற்சியாளர் மாஹிரா இறங்குவதற்கு முன்னால் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்.

"நான் எறங்கிட்டா வண்டியில அறுவது கிலோ கொறஞ்சிடும் செல்வி. நீ நெனைக்கறதுக்கு முன்னாடியே தரைய வுட்டுக் கெளம்பிடும். அதுக்குப் பயந்துடாத."

சொல்லிவிட்டு, தான் உட்கார்ந்திருந்த வலது இருக்கையின் பெல்ட்டை ஆள் இருப்பது போலவே குறுக்கே இழுத்து இறுக்கிப் பூட்டினார். காலி இருக்கையின் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தால் அந்தரத்தில் எதிலாவது போய் மாட்டும் என்பதால் தனியாகப் பறப்பவர்களுக்கு அது கட்டாயம். பிறகு கதவைச் சாத்தி, முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே ஓரத்துக்குப் போய் நின்றார்.

எலவனாசூர்கோட்டையைத் தாண்டி, யார் காலத்தில் போட்டது என்று யாரும் நிச்சயமாகச் சொல்லாத பழைய ஓடுதளம் அது. பயிற்சிப் பள்ளி வரும்வரை சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அதில் மக்காச்சோளம் காயவைத்தார்கள். பாதி தூரத்தில், ஓரமாக, வெள்ளையடித்த லாரி டயர் ஒன்று கிடக்கும். இரண்டு பேர் உட்கார்ந்தால் விமானம் அந்த டயருக்கு நேரே தரையை விடும். ஒருத்தர் என்றால் அதற்கு வெகு முன்பே விட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அது ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, டயர் கண்ணுக்கு நேராக வந்த பிறகுதான் மனசில்லாமல் மேலே ஏறியது.

எடை விஷயத்தில் செல்வியை ஏமாற்ற முடியாது. மணலூர்பேட்டை சாலையில் அவள் அப்பா செல்லமுத்து கரும்பு லாரிகளை நிறுத்துக் கொடுக்கும் எடைமேடையில்தான் அவள் வளர்ந்தாள். டயர் பிதுங்குவதைப் பார்த்தே பாரம் இவ்வளவு என்று சொல்லிவிடுவாள். அந்த அறிவு அப்போது அவளுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

கீழே கரும்புத் தோட்டங்கள் சதுரம் சதுரமாகச் சரிந்தன. இன்ஜின் சத்தத்துக்கு அடியில், பழைய ரெக்சின் இருக்கை நெறுக்கென்று ஒருமுறை சத்தமிட்டது, யாரோ வசதியாக நகர்ந்து உட்கார்ந்ததைப் போல. கூடவே ஒரு வாசனை வந்தது, மழையில் நனைந்து நாள்பட்டுக் கிடந்த சாக்கின் வாசனை. வலப்பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்துக்குத் தோன்றியது. பார்க்கக் கூடாது என்று மற்ற உடம்பு முழுவதற்கும் தோன்றியது. அவள் பார்க்காமலேயே ஒரு சுற்று சுற்றிவந்து இறக்கினாள். தனியாள் விமானம் தரைக்கு மேல் கொஞ்சம் மிதக்கும் என்பார்கள். இது மிதக்கவில்லை, மாஹிரா இருக்கும்போது இறங்குவது போலவே தொப்பென்று உட்கார்ந்தது.

மாஹிரா ஓடிவந்து கதவைத் திறந்து தோளைத் தட்டினார். "சூப்பரா எறக்கின. இன்னா, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு? பயந்துட்டியா?"

"இல்லங்க மேடம்," என்றாள் செல்வி.

சொல்லியிருக்கலாம். ஆனால் அவளோடு சேர்ந்த சந்தோஷ் என்ற பையன் ஒருநாள், மேலே போனால் காதில் யாரோ பேசுவது போல இருக்கிறது என்று வாய் தவறிச் சொன்னான். மறுநாளே டாக்டரிடம் அனுப்பினார்கள். இப்போது அவன் திருநாவலூரில் மாமாவின் உரக்கடையில் யூரியா மூட்டை இறக்குகிறான். செல்விக்கு உரக்கடை மாமாகூடக் கிடையாது. பறப்பதைத் தவிர வேறு எதற்கும் அவள் ஆசைப்பட்டதும் கிடையாது. பயம் என்று ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இறங்கும்போது ஓரக்கண்ணால் பார்த்தாள். வலது இருக்கையின் பெல்ட் பூட்டியபடிதான் இருந்தது. ஆனால் இறுக்கமாக இல்லை. ஒரு ஆளின் வயிற்றைச் சுற்றி வரும் அளவுக்கு நீளமாக விடப்பட்டு, முன்பக்கம் புடைத்து நின்றது.

வீட்டுக்குப் போன பிறகுதான் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. கிளம்பும் முன் விமானி பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி வாய்விட்டுக் கேட்க வேண்டும்: பெல்ட் போட்டாச்சா, கதவு பூட்டியாச்சா, போலாமா. அவர் 'போலாம்' என்று சொன்ன பிறகுதான் வண்டி நகர வேண்டும். இதில் மாஹிரா மகா கண்டிப்பு. மாதக்கணக்காகக் கேட்டுக் கேட்டு நாக்கில் ஊறிப்போன கேள்வி அது. அன்றைக்கும் செல்வி பழக்கதோஷத்தில் வலப்பக்கம் திரும்பி, காலி இருக்கையைப் பார்த்து, மரியாதையாகவே கேட்டிருந்தாள்.

"பெல்ட் போட்டாச்சிங்களா? போலாமாங்க?"

கேட்டுவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டதும் ஞாபகம் வந்தது. விமானம் ஓட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

அடுத்தமுறை அவள் வாயே திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு கிளம்பினாள். கோமுகி அணைவரை போய், கல்வராயன் மலையின் விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அன்றைய பாடம். கேட்காமலிருந்தால் வராது என்று நம்பினாள். வெள்ளை டயர் நேருக்கு வந்த பிறகுதான் சக்கரம் தரையை விட்டது.

ஒருமுறை கூப்பிட்டது போதும் போலிருக்கிறது.

சாயங்கால வெயில் மலைமேல் மஞ்சளாகக் கிடந்தது. அணைத் தண்ணீர் தகடுபோல் மின்னி மறைந்தது. அதற்கப்பால் காடு, மடிப்பு மடிப்பாக, ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் நிரம்பிக்கொண்டிருந்தது. மலையை நெருங்க நெருங்க விமானம் வலப்பக்கம் சாய ஆரம்பித்தது. காற்று என்று நினைத்து நிமிர்த்தினாள். மறுபடி சாய்ந்தது. காற்று அப்படிச் செய்யாது, அது உதறும், தள்ளும். இது மெதுவான, நிதானமான சாய்வு. பஸ்ஸில் ஜன்னலோரம் இருப்பவர் வெளியே எட்டிப் பார்க்கச் சாய்வாரே, அப்படி. கீழே இருந்த ஏதோ ஒரு பள்ளத்தாக்கை அது பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இடம் பின்னால் போகும்வரை பார்த்தது. கடைசியில் ஒரு பெருமூச்சு, ஈரச்சாக்கு வாசனையோடு, அவள் கைமேல் பட்டது.

அந்த நொடியில் அவளுக்குப் பயத்தோடு பாவமாகவும் இருந்தது. யாரோ, எங்கிருந்தோ வந்து, திரும்பிப் போக முடியாமல் கிடந்தவர். பாவப்பட்டது தப்பு.

விமானம் நிமிர்ந்தது. நேராக நின்றது. பிறகு இடப்பக்கம் சாய்ந்தது.

அவள் பக்கம்.

வலது தோளில் குளிர் ஏறியது. கன்னத்துக்குப் பக்கத்தில் காற்று இல்லை. எதுவோ காற்றை மறித்துக்கொண்டு, வெகு அருகில். அவள் எதிரே மட்டும் பார்த்தாள். வயல். ஏரி. சாலை. உதடு தானாக அசைந்தது.

"கீழ போனதும் எறங்கிக்கலாங்க," என்றாள். "நானே சொல்றேங்க."

சாய்வு மெல்ல விலகியது. பெரியவர்களிடம் மரியாதையாகப் பேசினால் கேட்பார்கள் என்று வளர்க்கப்பட்ட பெண். அதற்குமேல் அவளுக்கு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

ஓடுதளத்தில் இறங்கி, இன்ஜினை நிறுத்தி, சத்தமெல்லாம் அடங்கிய பிறகு, எதிரே பார்த்தபடியே சொன்னாள். "வந்தாச்சிங்க. எறங்கிக்கோங்க."

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு வலது இருக்கை நெறுக்கென்றது. மாஹிரா இறங்கும்போதெல்லாம் வலது இறக்கை ஒரு விரற்கடை உயரும், அது உயர்ந்தது. வாசனை போய்விட்டது. செல்வி கண்ணீர் வர ஒரு மூச்சு விட்டாள். தைரியமாகத் திரும்பிப் பார்த்தாள். வெறும் இருக்கை, பெல்ட் தளர்ந்து கிடந்தது, வேறொன்றும் இல்லை. எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

"பாஸாயிட்ட," என்றார் மாஹிரா. "இனிமே நீ தனியா போலாம். வூட்டுக்குப் போயி அப்பாகிட்ட சொல்லு."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பொழுது சாய்ந்துவிட்டிருந்தது. எலவனாசூர்கோட்டை கடைகளில் விளக்கு போட்டிருந்தார்கள். ஊர் தாண்டிய முதல் வேகத்தடையில் வண்டியின் அடிப்பாகம் தரையில் உரசியது. தனியாகப் போகும்போது இதுவரை உரசியதில்லை. காற்று குறைந்திருக்கும், என்று சொல்லிக்கொண்டாள். காலையில்தான் காற்றடித்தாள். முகப்பு விளக்கின் வெளிச்சம் சாலையில் விழாமல் புளியமரக் கிளைகளில் விழுந்தது, பின்பக்கம் அழுந்தினால் விழுவது போல. கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று எதிரே வந்து கடந்து போனது. நனைந்த சாக்கு வாசனை அதிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். டிராக்டர் போய் வெகுநேரம் ஆகியும் வாசனை போகவில்லை.

இறங்கச் சொன்னாள். இறங்கியது. எங்கே போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

நேரே எடைமேடைக்குத்தான் போனாள். அப்பாவிடம் சொல்லத்தான் என்று மனசு சொன்னது. அதைவிட, அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு விளையாட்டு அவர்களுக்குள் உண்டு. அவள் வண்டியோடு மேடைமேல் ஏறுவாள். அறைக்குள்ளிருந்து அப்பா லாரிக்காரர்களைக் கூப்பிடும் மைக்கில் கேலி பேசுவார். வெளியே கம்பத்தில் சிவப்பு எண் எரியும். அது பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். ஸ்கூட்டரும் அவளும் சேர்ந்து நூற்றறுபது. ஒரு வருஷமாக அதே நூற்றறுபது. எண் அப்படியே இருந்தால் எல்லாம் அவள் கற்பனை. நிம்மதியாகத் தூங்கலாம்.

மேடையில் லாரி ஏதும் இல்லை. ஏறினாள். இரும்புத் தகடு டங்கென்றது. காலை ஊன்றி நின்று, கம்பத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

220.

ஒலிபெருக்கி கரகரத்தது. "வாம்மா," என்றது அப்பாவின் குரல். "போன எடத்துல நல்லபடியா ஆச்சா? கூட யாரும்மா? இருட்டுல தெரியல. இட்டுக்கினு வந்தவங்கள வெளியவே நிக்க வெச்சினுகிறியே."

செல்வி வாயைத் திறந்தாள். இல்லை என்று தலையை ஆட்டினாள், இருட்டில் அது யாருக்குத் தெரியும்.

"வாங்க," என்றார் அப்பா. வீட்டுக்கு வந்த யாரையும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "உள்ள வாங்க. டீ சொல்றேன்."

பின் சக்கரத்தின் ஸ்பிரிங் மெல்ல உயர்ந்தது.

160.

"அப்பா," என்றாள். காற்றுதான் வந்தது. "கூப்புடாதீங்கப்பா."

அறையின் கதவு தானாகத் திறந்து மூடியது. அப்பா மைக்கை அணைக்க மறந்திருந்தார். நாற்காலி இழுபடும் சத்தம். "உக்காருங்க." நெறுக். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். "செல்விகூடப் படிக்கிறீங்களா?" மௌனம். "எங்கங்க?" நீளமான மௌனம். அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ மிகத் தாழ்ந்த குரலில், மரியாதையாக, ஒன்றைக் கேட்க, அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்ன கேள்வி என்று செல்விக்குத் தெரியும். அதைக் கற்றுக் கொடுத்தவளே அவள்தான்.

ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஓட, ஸ்டாண்டைத் தேடிக் காலை நீட்டினாள்.

"ம்," என்றார் அப்பா. "போலாம்."

கனமான ஏதோ ஒன்று மேஜைமேல் சாயும் சத்தம் மைக்கில் கேட்டது. தம்ளர் உருண்டது. உருண்டு நின்றது.

கதவு திறந்தது. அப்பா வந்தார். அதே நீலச் சட்டை, அதே மடித்துக் கட்டிய வேட்டி, அதே சிரிப்பு. திறந்த கதவின் வழியே பின்னால் மேஜை தெரிந்தது. மேஜைமேல் கவிழ்ந்த ஒரு நரைத்த தலையும், நீலச் சட்டைத் தோளும் தெரிந்தன.

அவர் மேடைமேல் காலை வைத்தார். தகடு சத்தமிடவில்லை. அடுத்த காலையும் வைத்தார். நடந்து அவளிடம் வந்தார். தலைக்குமேல் சிவப்பு எண் அசையாமல் எரிந்தது, எடையையெல்லாம் அந்த மேஜைமேலேயே விட்டுவிட்டு வந்தது போல.

160.

அவளுக்கு எதிரே நின்று, குனிந்து, ஈரச்சாக்கு வாசனையோடு அப்பா அன்பாகக் கேட்டார்.

"போலாமாம்மா?"