பூண்டுத் தோலும் வேக்குவம் மேசையும்

ஐந்தாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு முனையில் கண்மணி உட்காருவாள், மறு முனையில் தமிழ்மதி. நடுவில் கண்மணியின் புத்தகப் பை பெரிய மனுஷி மாதிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கும்.

தமிழ்மதி பாச்சலூரிலிருந்து வடகவுஞ்சிக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பை அங்கேதான் இருக்கிறது. அதைத் தாண்டி ஒரு வார்த்தைகூட இந்தப் பக்கம் வந்ததில்லை. ‘என்னை இவளுக்குப் பிடிக்கவில்லை’ என்று மதி நினைத்துக்கொண்டாள்.

பள்ளி விட்டதும் அவள் நேராகப் பொதுப் பட்டறைக்குப் போய்விடுவாள். அம்மா மணிமேகலைக்கு அங்கேதான் வேலை. ஊரார் சேர்ந்து வாங்கிய சி.என்.சி. ரூட்டர் மிஷின் ஒன்று அங்கே உண்டு. கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்தால் போதும், சுழலும் கத்தி அதை அப்படியே பலகையில் செதுக்கிவிடும். வட்டக்கானல் விடுதிகளுக்கான பெயர்ப் பலகைகள் அதில்தான் தயாராகும். செதுக்கிய பலகையை அம்மா தேய்த்து வழவழப்பாக்குவாள்.

மிஷினின் மேசை முழுக்கப் பொடிப்பொடித் துளைகள். கீழே ஒரு பம்பு, பக்கத்துக்கு ஒரு குழாய் வைத்து, துளைகள் வழியாகக் காற்றை உறிஞ்சும். மேலே வைத்த பலகை ஆணியும் கயிறும் இல்லாமலே அசையாமல் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதற்கு வேக்குவம் மேசை என்று பெயர்.

உண்மையைச் சொன்னால், அந்த ஊரில் மதிக்கு இருந்த ஒரே தோழி அந்த மேசைதான். கத்தி நின்று பம்பு மட்டும் ஓடும்போது, தரையில் கிடக்கும் பூண்டுத் தோலை எடுத்துத் துளை மேல் விடுவாள். ‘சப்’பென்று ஒட்டிக்கொள்ளும்.

“நீயாவது ஒட்டுறியே!” என்பாள் மெதுவாக.

பட்டறையில் பூண்டுத் தோல் ஏது என்கிறீர்களா? அண்ணாந்து பாருங்கள். விட்டத்தில் கொத்துக்கொத்தாக மலைப்பூண்டு தொங்குகிறது. விதைப்பூண்டில் ஈரம் படாமல் இருக்க உயரத்தில் கட்டித் தொங்கவிடுவது அந்த ஊர் வழக்கம். கண்மணி வீட்டுக் கூரை ஒழுகியது. பட்டறை பொது என்றால் விட்டமும் பொதுதானே என்று அவளுடைய அம்மா இங்கே கொண்டுவந்து கட்டிவிட்டார். கண்மணி தினமும் வந்து, ஏணியில் ஏறிக் கொத்துகளைத் திருப்பிவிட்டுப் போவாள். மதி இருக்கும் பக்கம் திரும்ப மாட்டாள்.

ஒரு சாயங்காலம், பாதி செதுக்கும்போது பலகை ‘கிரீச்’சென்று நகர்ந்துவிட்டது. ‘மலைச்சாரல் விடுதி’ என்ற பெயரில் கடைசி எழுத்து பலகையை விட்டே ஓடப் பார்த்தது.

மிஷினைப் பார்த்துக்கொள்ளும் ஜெயச்சந்திரன் தலையில் கை வைத்தார். பம்பைப் பார்த்தார். பில்டரைத் தட்டினார். மேசை ஓரத்து ரப்பரையும் மாற்றினார். பலகை மறுபடியும் நகர்ந்தது.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பலகை மட்டும் நிக்க மாட்டேங்குதுக்கா. கோயம்புத்தூர்ல இருந்து ஆள் வரணும். எப்ப வருவாங்கன்னு தெரியல. அதுவரைக்கும் பட்டறைய மூடத்தான் வேணும்.”

அம்மா கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

“அப்ப நான் பூண்டுக் காட்டுச் சோலிக்குப் போறேன் தம்பி. வெள்ளனே போனா பொழுதடஞ்சுதான் வர முடியும்.” பிறகு மதியைப் பார்த்தாள். “வீட்ல தனியா இருந்துக்குவியா தங்கம்?”

மதி தலையை ஆட்டினாள். ஆனால் பூட்டிய கதவும், மூடுபனியும், பேச ஆளே இல்லாத சாயங்காலமும் கண்முன் வந்து நின்றன. அழுகை முட்டியது.

ஜெயச்சந்திரன் போன் பேச வெளியே போனார். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒருமுறை விளையாடலாம் என்று மதி ஒரு கை நிறையப் பூண்டுத் தோலை அள்ளினாள்.

மேசையில் கதவுப் பக்கம் வைத்தாள். சப், சப், சப். ஒரு பொடித் தோல் சுருண்டு துளைக்குள்ளேயே ஓடி மறைந்தது.

சன்னல் பக்கம் வைத்தாள். தோல்கள் சும்மா கிடந்தன. ஊதினாள். எல்லாம் பறந்துபோயின.

மதி மெல்ல அண்ணாந்து பார்த்தாள். பூண்டுக் கொத்துகள் சன்னல் பக்கம் மட்டும்தான் தொங்கின. வழக்கம்போல வந்திருந்த கண்மணி ஏணி மேல் நின்று ஒரு கொத்தைத் திருப்ப, பொலபொலவென்று மேசை மேல் தோல் உதிர்ந்தது. இந்தத் தோல்தான் துளைக்குள் போய்க் காற்றை அடைத்திருக்க வேண்டும்!

“அண்ணே!” என்று கத்த வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

சொன்னால் பூண்டை அவிழ்த்து வெளியே போடச் சொல்வார்கள். மூடுபனியில் அழுகிவிடும். அப்புறம் கண்மணி ஜென்மத்துக்கும் பேச மாட்டாள். சொல்லாவிட்டால் அம்மா காட்டுக்குப் போய்விடுவாள். மதி விரலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பலகைகளை மூடி வைக்கும் பழைய நூல் சேலை ஒன்று கண்ணில் பட்டது.

அதை எடுத்துக்கொண்டு ஏணிக்குக் கீழே போய் நின்றாள்.

“கண்மணி, இந்த முனையப் பிடிக்கிறியா?”

கண்மணி திடுக்கிட்டாள். “எதுக்கு?”

மதி பார்த்ததையெல்லாம் சொன்னாள். கண்மணிக்கு முகம் சுண்டிவிட்டது.

“எங்க பூண்டாலயா? அவுக்கச் சொல்லுவாங்களா? எங்க வீட்ல எங்க பாத்தாலும் தண்ணியா கெடக்கு!”

“அவுக்க வேணாம். கீழ தொட்டில் மாதிரி கட்டிருவோம். தோலெல்லாம் அதுல விழட்டும். வெரசா பிடி, அண்ணன் வந்துருவாரு.”

இரண்டு பேருமாகச் சேலையைக் குறுக்கே இழுத்துக் கட்டினார்கள். முடிச்சுப் போடுவதில் கண்மணி கெட்டிக்காரி.

ஜெயச்சந்திரன் உள்ளே வந்ததும் மதி சொன்னாள். “அண்ணே, சன்னல் பக்கத்துக் குழாயக் கழட்டிப் பாருங்க.” தோலை வைத்துக் காட்டவும் செய்தாள்.

அவர் பம்பை நிறுத்தி, மேசைக்கு அடியில் குனிந்து குழாயைக் கழற்றினார். பூண்டுத் தோலும் மரத்தூளும் ஈரத்தில் ஊறி, பணியாரம் மாதிரி உருண்டையாக வளைவில் அடைத்துக்கொண்டிருந்தன. பில்டர் வரைக்கும் அது போகவே இல்லை.

அவர் உருண்டையைப் பார்த்தார். பிறகு விட்டத்தைப் பார்த்தார். இரண்டு சிறுமிகளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“யாரு இங்க பூண்டக் கட்டச் சொன்னதுன்னு சத்தம் போடலாம்னு பாத்தேன். அதுக்குள்ள தொட்டிலே கட்டிட்டீங்களே!” என்று சிரித்துவிட்டார்.

குழாயைச் சுத்தம் செய்து மாட்டிப் பம்பைப் போட்டார். அம்மா இரண்டு கையாலும் பலகையைத் தள்ளிப் பார்த்தாள். அது அசையவில்லை.

“நாளைக்கு வழக்கம்போல வந்துருங்கக்கா,” என்றார் ஜெயச்சந்திரன்.

வாசற்படியில் மதியும் கண்மணியும் உட்கார்ந்திருந்தார்கள். ரொம்ப நாளாக மனசில் கிடந்ததை மதி கேட்டேவிட்டாள்.

“நடுவுல ஏன் பைய வெக்கிற? என்னயப் பிடிக்கலயா?”

“ஐயோ, அதில்ல!” கண்மணி தலையைக் குனிந்துகொண்டாள். “எஞ் சட்டையெல்லாம் பூண்டு நாத்தம். போன வருசம் பக்கத்துல இருந்தவ மூக்கப் பொத்திக்கிட்டு வேற பெஞ்சுக்குப் போயிட்டா. நீயும் போயிருவியோன்னு பயம்.”

மதி அவள் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தாள். அடுத்த நொடியே ‘அச்சு’ என்று பெரிதாக ஒரு தும்மல்.

கண்மணியின் முகம் வாடிப்போனது.

“ஒன்னோட பூண்டு இல்ல, என்னோட மரத்தூளு!” என்றாள் மதி, மூக்கைத் துடைத்தபடி. கண்மணி கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

மறுநாள் காலை மதி வகுப்புக்குள் வந்தபோது, கண்மணியின் பை பெஞ்சுக்கு அடியில் கிடந்தது. கண்மணி முனையை விட்டு நடுவுக்கே நகர்ந்து வந்திருந்தாள். மதி ஓடிப்போய் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பூண்டுத் தோல்கூட நுழைய இடமில்லை.