பெட்டிக்கு வைத்த பொட்டு

காலை ஆறு மணிக்கு ஜெயபிரகாஷ் சேஃபைத் திறந்தான். உள்ளே துப்பாக்கி இல்லை.

சாம்பல் நிற ஸ்பாஞ்சில் அது படுத்திருந்த பள்ளம் மட்டும் இருந்தது. மூலையில் மாற்றுச் சாவி ஒன்று. வேறு எதுவும் இல்லை. அவன் பூஜை அலமாரிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி அந்தப் பள்ளத்தைப் பார்த்தான். குண்டு போட்ட கைத்துப்பாக்கி ஒன்று வீட்டில் காணாமல் போயிருக்கிறது. மாடியில் பதினேழு வயது மகள் தூங்குகிறாள். பயம் வரவேண்டும். வரட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடியது, நின்றது. பயம் வரவில்லை.

வெளியே ரிச்சர்ட்சன் என்கிற அந்த அமெரிக்க ஊர் இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. அன்று விஜயதசமி. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு வைத்தவை அனைத்தும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தபடியே இருந்தன. இரண்டு கார் சாவிகள், ஒரு லேப்டாப், ஸ்பானர் செட், மகளின் கால்குலேட்டர், அரிவாள்மனை. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். சேஃப் மட்டும் இடம் மாறி அவன் மடிக்கு வந்திருந்தது.

"என்னங்க பண்றீங்க அங்க?"

பின்னால் மனைவி வான்மதி நின்றாள். துப்பாக்கியைக் காணோம் என்றான். அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். போலீஸுக்குச் சொல்லவேண்டும் என்று அவன் போனை எடுத்தபோது, "சாந்தாமணி அக்காவ ஒரு வார்த்தை கேட்டுட்டு பண்ணலாங்க" என்றாள். சரி என்றான். மூன்று மாதமாக எதற்கும் சரி என்பதுதான் அவன் பதில். ஜூலையில் கம்பெனி இருநூறு பேரோடு சேர்த்து அவனையும் வீட்டுக்கு அனுப்பியபோதும் அதைத்தான் சொன்னான்.

நாலு வீடு தள்ளியிருந்த சாந்தாமணி ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷத்தில் வந்துவிட்டாள். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த குடும்பம். விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்க்காமல் யாரும் வாய் திறக்காத வீட்டில் வளர்ந்தவள். இங்கே இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் திருட்டு க்ளெய்ம்களை விசாரிப்பது அவள் வேலை. பொருளைத் தொலைத்தவர்கள் நிறையப் பேசுவார்கள், தொலைக்காதவர்கள் அதைவிட நிறையப் பேசுவார்கள் என்பது இருபது வருஷத்தில் அவள் கண்ட உண்மை.

அவள் உள்ளே வரும்போதே டிகாக்‌ஷன் இறங்கியிருந்தது. வான்மதி மூன்று டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். ஜெயபிரகாஷ் ஆவி பறக்கிற காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். சாந்தாமணி தன் டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். சூடு தாங்காமல் புடவைத் தலைப்பால் பிடித்துக்கொண்டாள்.

"ஏந்தம்பி, போலீஸ் வந்தா அரை நாள் கேள்வி கேப்பான். நான் அரை மணி கேக்கறேன். இந்தப் பெட்டி வாங்கின கதையச் சொல்லு."

அவன் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன் தெருவில் தங்க நகைக்காக இரண்டு வீடுகளை உடைத்தார்கள். அந்த மாதமே துப்பாக்கி வாங்கினான். துப்பாக்கியை ஒரே நாளில் தேர்ந்தெடுத்தவன் பெட்டிக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டான். நம்பர் அழுத்துகிற பெட்டி வேண்டாம், மகள் பின்னால் நின்று பார்த்துவிடுவாள். வெறும் சாவி வேண்டாம், தொலைந்துவிடும். தகரம் மெலிசாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிவிடலாம். ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை எல்லாம் உட்கார்ந்து படித்தான். கடைசியில் பெரிய டிபன் பாக்ஸ் அளவில், கைரேகைக்குத் திறக்கிற இதை எடுத்தான். பேட்டரி தீர்ந்தால் பின்பக்கம் ரப்பர் மூடிக்கு அடியில் சாவித் துவாரம் உண்டு. அடியில் நாலு போல்ட் போட்டு படுக்கையறை அலமாரியோடு இறுக்கிவிட்டான். கழற்றவேண்டுமானால் உள்ளே கைவிட்டுத்தான் கழற்ற முடியும்.

"யாராரு விரல் பதிஞ்சிருக்குது?"

"என்னோடது. அப்புறம் செல்வராஜோடது."

செல்வராஜ் அவனுடைய பழைய சகா, விவாகரத்தானவன். துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு இவனை முதலில் கூட்டிப்போனவன். பெட்டி வந்த அன்று எப்படிப் பதிவது என்று காட்ட தன் கட்டைவிரலைப் பதித்தான். அதை அழிக்க இருவருக்குமே தோன்றவில்லை. நேற்று பூஜைக்கு வந்தவர்களில் அவனும் ஒருவன்.

சாந்தாமணி போனை ஸ்பீக்கரில் போட்டு செல்வராஜை எழுப்பினாள். நேத்து எத்தனை மணிக்கு வந்தே என்றாள். பூஜை முடிஞ்சு, தீபாராதனைக்கு அப்புறம்தானுங்க்கா, ட்ராஃபிக், என்றான். பூஜை அலமாரிப் பக்கம் போனாயா என்றதற்குத் தட்டில் இருந்து விபூதி எடுத்துக்கொண்டதோடு சரி என்றான். எதற்கு இந்தக் கேள்வி என்று அவன் திருப்பிக் கேட்கவே இல்லை. பொரி நன்றாக இருந்தது என்று வான்மதியிடம் சொல்லச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அதற்குள் மகள் தீக்ஷா மாடியில் இருந்து தலைமுடியை அள்ளி முடிந்தபடி இறங்கி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்தது. அந்த வீட்டில் அன்று காலை பயந்த முதல் ஆள் அவள்தான்.

"நோ ஆன்ட்டி, நான் அதைத் தொட்டதே இல்ல. அப்பா மட்டும்தான ஓப்பன் பண்ண முடியும்? தட் வாஸ் த ஹோல் பாயின்ட்."

"அதுவும் சரிதான்" என்றாள் சாந்தாமணி. ராத்திரி கீழே வந்தாயா என்று கேட்டாள். இல்லை என்றாள். காலையில் கணக்குப் பரீட்சை இருந்தும் கால்குலேட்டரை எடுக்கக்கூடாது என்று அம்மா சொன்னதால், போனிலேயே கணக்குப் போட்டுப் படித்ததாக ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள்.

சாந்தாமணி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பெட்டியின் மேலே, விரல் வைக்கிற கண்ணாடியில், காய்ந்த சந்தனம் பாதி சுரண்டப்பட்டிருந்தது. "நேத்து இதை யாரு இங்க எடுத்தாந்தா?"

"வான்மதிதான்" என்றான். போன வருஷம் அந்தச் சனியனுக்கெல்லாம் பொட்டு வைக்கமாட்டேன் என்று சண்டை போட்டவள், இந்த வருஷம் அவளே கேட்டாள் என்றான். காலையில் அவன் போல்ட்டைக் கழற்றித் திரும்பவும் மூடிக் கொடுத்தான். மாலையில் அவளே ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

"மத்ததுக்கெல்லாம் நடுவுல பொட்டு. இதுக்கு மட்டும் கரெக்டா கண்ணாடி மேல. தம்பி, உன்ற கையக் காட்டு."

அவன் வலது கையை நீட்டினான். ஆட்காட்டி விரலின் நகத்துக்குள் சந்தனம் மஞ்சளாக அடைந்திருந்தது.

"சுரண்டினது நீ. அப்படின்னா பூஜைல இருந்து நீ சுரண்டற வரைக்கும் இந்தக் கண்ணாடிய எவனும் தொடல. செல்வராஜ் வந்ததே பொட்டு வெச்சதுக்கு அப்புறம். அவன் விரல் இதுல படல."

அவள் பெட்டியைத் திருப்பி, பின்பக்க ரப்பர் மூடியை நகத்தால் நெம்பி, போன் வெளிச்சத்தில் துவாரத்தைப் பார்த்தாள். தீக்ஷாவிடம் காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்று கேட்டு வாங்கி உள்ளே விட்டு எடுத்தாள். பஞ்சு சிவந்திருந்தது.

பூஜை நடந்த இடம், குங்குமம் எங்கே இல்லை என்றான் ஜெயபிரகாஷ்.

"மூடி மேல இருந்தா நானும் அதையேதான் சொல்லுவேன். மூடிக்குள்ள எப்படிப் போச்சு? சாவியோடதான் போச்சு. சாவி எத்தனை குடுத்தான்?"

இரண்டு. ஒன்று பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்று எங்கே என்று நினைவில்லை என்றான்.

"பெட்டியத் திறக்கற சாவியப் பெட்டிக்குள்ளயே வெச்சுப் பூட்டியிருக்கற" என்றாள் சாந்தாமணி. சிரிக்கவில்லை. "பெட்டி வந்த அன்னைக்கு ரெண்டு சாவியும் எங்க இருந்துச்சு?"

அவன் யோசித்தான். இருவரும் சேர்ந்து வாங்கிய முதல் காரில் இருந்து இந்த வீட்டுச் சாவிவரை எல்லாம் போன இடத்துக்குத்தான் அதுவும் போயிருந்தது. புதுச் சாவி எது வந்தாலும் வான்மதி ஒருநாள் பிள்ளையார் காலடியில் வைத்துத்தான் கொடுப்பாள். அவன் மறுநாள் ஒன்றை எடுத்துக்கொண்டான். மூன்று வாரம் தகரத்தின் தடிமன் பார்த்தவன் இரண்டாவது சாவியைச் சாமியிடமே விட்டுவிட்டான்.

சாந்தாமணி பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருந்த குங்குமச் சிமிழைத் திறந்து இரண்டு விரலை உள்ளே விட்டாள். செக்கச் செவேலென்று ஒரு குட்டிச் சாவி வெளியே வந்தது.

"இந்த வீட்ல தினம் இதுக்குள்ள கை விடறது ஒரே ஆளு. வான்மதி, நீதான எடுத்த?"

"ஆமாங்க்கா" என்றாள் வான்மதி.

தீக்ஷா படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜெயபிரகாஷ் மனைவியை ஏறிட்டுப் பார்த்தான். கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. அதுவும் வரவில்லை.

"எனக்குக் காபி குடிக்கும்போதே சந்தேகம்தான்" என்றாள் சாந்தாமணி. "துப்பாக்கி தொலைஞ்ச வீட்ல ஒரு அம்மா முதல்ல புள்ள ரூமுக்குத்தான் ஓடுவா. நீ டிகாக்‌ஷன் போட்டுட்டு இருந்த. இப்ப அது எங்கன்னும் சொல்லட்டுமா? நேத்து எல்லாருக்கும் பொரி எதுல குடுத்தே?"

ஜிப்லாக் கவரில்தான் என்றாள் வான்மதி. தீக்ஷாதான் கட்டிக் கொடுத்தாள்.

"எனக்கும் கவர்தான். செல்வராஜுக்கு மட்டும் எவர்சில்வர் தூக்கு. தனியா இருக்கற ஆம்பளைக்கு நல்ல பாத்திரத்துல குடுத்தா அது திரும்பி வராதுன்னு தெரியாதவளா நீ? அதுவும் போகட்டும். அவன் அதை ரெண்டு கையிலயும் அணைச்சுக்கிட்டு கார் வரைக்கும் போனான். நான் வாசல்ல நின்னு பாத்துட்டுதான் இருந்தேன். பொரி எப்பத்தில இருந்து கண்ணு அத்தன கனம்?"

வான்மதி எல்லாவற்றையும் சொன்னாள், அழாமல். நேற்று மத்தியானம் ஜெயபிரகாஷ் தூங்கும்போது சாவியால் திறந்தாள். செல்வராஜ் போனில் சொல்லச் சொல்லக் குண்டுகளைக் கழற்றினாள். மாலைவரை எல்லாம் அரிசி டப்பாவுக்குள் கிடந்தன. இப்போது செல்வராஜ் வீட்டில், அவனுடைய பெட்டியில் இருக்கின்றன.

"களவு முடிஞ்சுது" என்றாள் சாந்தாமணி. "இன்னொண்ணு பாக்கி இருக்குது. யாரு எடுத்தாங்கன்னு நாம நாலு பேரும் கேட்டாச்சு. இதை மட்டும் ஒருத்தரும் கேக்கல. பூஜைல வெச்சதை மறுநாள் பூஜை ஆகாம தொட மாட்டோம். பரீட்சைய வெச்சுக்கிட்டு இந்தப் புள்ள கால்குலேட்டரத் தொடல. நீ எதுக்குத் தம்பி விடியறதுக்குள்ள சந்தனத்தச் சுரண்டின?"

சும்மா பார்க்கத்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான். மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்காக வான்மதி பேசினாள். "ஒரு மாசமா விடிகாலைல அந்தப் பெட்டி பீப்னு ஒரு சத்தம் போடும். திறக்கறதுக்கு ஒண்ணு. மூடறதுக்கு ஒண்ணு. மொதல்ல ரெண்டும் ஒட்டி ஒட்டி வரும். அப்புறம் நடுவுல நேரம் கூடிட்டே போச்சுங்க்கா. நான் படுத்துட்டே ரெண்டாவது பீப்புக்காகக் காத்திருப்பேன். கேக்கறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல." பிள்ளையாரைப் பார்த்தாள். "சாமி முன்னாடி வெச்சா ஒரு நாளாவது தொடமாட்டாருன்னு நெனச்சேன். நம்பிக்கையும் வரல. அதான் உள்ள இருந்ததையும் எடுத்துட்டேன்."

தெருவில் குப்பை வண்டி வந்து, தொட்டியைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டுப் போனது.

"திருடன், விருந்தாளி, புள்ள, எல்லாத்துக்கும் பாத்துப் பாத்து வாங்கின" என்றாள் சாந்தாமணி மெதுவாக. "யாருகிட்ட இருந்து பூட்டணும்னு மட்டும் நீ பாக்கல. தப்பு சொல்லல தம்பி. அதை எந்த ரிவ்யூவுலயும் எழுதமாட்டான்."

பதினொரு மணிக்கு டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருப்பதாக வான்மதி சொன்னாள். தான் வண்டி ஓட்டுவதாகச் சாந்தாமணி சொன்னாள். விஜயதசமி, எதைத் தொடங்கினாலும் நல்ல நாள்தான் என்றாள். ஜெயபிரகாஷ் வழக்கம்போலச் சரி என்றான். சொன்ன பிறகு அதே வார்த்தையை இன்னொரு தரமும் சொன்னான்.

பிறகு யாரும் கேட்காமலே பெட்டியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். மூடிக்கு உட்புறம் இருந்த சிறு பொத்தானைச் சிவப்பு விளக்கு எரியும்வரை அழுத்திப் பிடித்தான். அவன் விரலும் செல்வராஜின் விரலும் அழிந்தன. உள்ளே கிடந்த சாவியையும் சிமிழில் இருந்து வந்த சிவப்புச் சாவியையும் எடுத்து வான்மதியிடம் கொடுத்துவிட்டு, "உன் விரலை வை" என்றான்.

அவள் வைத்தாள். பெட்டி ஏற்கவில்லை. மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு விளக்கே எரிந்தது. அவள் விரல் நுனியில் குங்குமம் அப்பியிருந்தது.

ஜெயபிரகாஷ் அவள் கையைப் பிடித்தான். பிடித்துப் பல நாள் ஆகியிருந்தது. பனியன் ஓரத்தை இழுத்து, ரேகைகளுக்குள் ஏறியிருந்த சிவப்பெல்லாம் போகும்வரை, அவசரப்படாமல் அந்த விரலைத் துடைத்தான். காபிச் சூட்டில் நாக்கு வெந்திருப்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

விரலைத் திரும்பக் கண்ணாடியில் வைத்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது.