மாடி வீட்டுப் பஞ்சு

படுக்கை விரிப்பு நனைந்திருந்தது, ஆனால் நாறவில்லை.

அவள் அதை மறுபடியும் மூக்கருகே கொண்டுபோனாள். மகள் வாலு ராத்திரியில் படுக்கையை நனைப்பது புதிதல்ல. அப்பா கப்பல் வேலைக்குப் போன மாதத்திலிருந்தே இந்தக் கூத்துதான். ஐந்து வயதுக் குழந்தையின் மூத்திர நாற்றம் எப்படி இருக்கும் என்று பெற்றவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் இவள் லாண்டரியில் ஒன்பது வருஷமாக ஊரார் துணியை வாங்கி அடுக்குகிறவள். காலரை மோந்தே இது வெயிலில் அலைந்தவன் சட்டையா, ஏசி அறையில் உட்கார்ந்தவன் சட்டையா என்று சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்ட மூக்குக்கு இப்போது வெறும் ஈரம்தான் எட்டியது.

சளி பிடித்திருக்கும் என்று விரிப்பைப் பக்கெட்டில் போட்டுவிட்டு மீன் தொட்டிக்கு வந்தாள். காலையில் முதல் வேலை அதுதான். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மஞ்சள். பத்தாவது நாளும் அதே மஞ்சள்.

இது இரண்டாவது முறை. போன மாதம் தொட்டியை வாங்கிய அன்றைக்கே குழாய்த் தண்ணீரை நிரப்பி எட்டு மீனை அள்ளிக் கொட்டினாள். நாலாம் நாள் எட்டும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. வாலு இரண்டு நாள் ஒரு வாய் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், “அப்பாவும் இப்படித்தான் தண்ணியில செத்துப்போயிடுவாராம்மா?” என்று கேட்டாள். அவளுக்கு நெஞ்சே வெடித்துவிட்டது. “இனிமே ஒரு மீன்கூடச் சாகாதுடி, சத்தியம்” என்று கையில் அடித்துக் கொடுத்தாள்.

மீன்கடைக்காரன் பொறுமையாகத்தான் சொன்னான். “மீனோட கழிவுலேருந்து அம்மோனியா வரும்க்கா. அது விஷம். அதைத் தின்னுற பாக்டீரியா புதுத் தொட்டியில இருக்காது, வளர நாலு வாரமாவது ஆகும். அதுவரைக்கும் தினம் டெஸ்ட் பண்ணுங்க. மஞ்சள்னா பயமில்ல, பச்சைன்னா உடனே கால்வாசித் தண்ணிய மாத்துங்க. ஓடிட்டிருக்கிற தொட்டியோட ஃபில்டர் பஞ்சு கிடைச்சா கொண்டாந்து போடுங்க, பாக்டீரியா அதுலதான் குடியிருக்கும். ஆனா மீன் இருக்கிற தொட்டியாப் பாத்து எடுக்கணும்.”

பஞ்சு தேடி எங்கும் அலையவேண்டி இருக்கவில்லை. மாடியில் தனியாகக் குடியிருந்தவன் எட்டு மாதம் முன்பு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான். சாமானெல்லாம் இருக்கிறதே, திரும்பி வருவான் என்று ஹவுஸ் ஓனரம்மா அந்த அறையைப் பூட்டியே வைத்திருந்தாள். இவள் கேட்டதும், “உள்ளே ஏதோ மோட்டார் ஓடிட்டே இருக்கும்மா. வேணுங்கிறத எடுத்துக்கோ, நாளைக்கு எல்லாத்தையும் காலி பண்ணப்போறேன்” என்று சாவியைக் கொடுத்தாள்.

கதவைத் திறந்தபோது புழுக்க வாடை வரும் என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். வரவில்லை. சுவரோரம் தொட்டி இருந்தது. தண்ணீரே இல்லையோ என்று நினைக்கும்படி அவ்வளவு தெளிவு. உள்ளே மீன் எதுவும் இல்லை. மூலையில் கறுத்துத் தடித்த பஞ்சு மட்டும் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. தொட்டியை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலியில் ஒரு சட்டை. பழக்கதோஷம், குனிந்து காலரை மோந்தாள். அழுக்குக் கோடு இருந்தது, வாடை இல்லை. பஞ்சு கிடைத்த சந்தோஷத்தில் அதையெல்லாம் யார் யோசித்தார்கள்!

“அந்தத் தொட்டியில மீன் இருக்குல்லக்கா?” என்று கடைக்காரன் கேட்டபோது, “இருக்கு தம்பி, நிறைய இருக்கு” என்று பொய் சொன்னாள். இல்லையென்றால் அவன் மீன் தந்திருக்க மாட்டான். ஆறு சிவப்பு மீன்கள் வாங்கி, மாடிப் பஞ்சு போட்ட தன் தொட்டியில் விட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, ஆறும் நாளுக்கு நாள் மெருகேறின. ஏழாம் நாள் வாலு தீனி டப்பாவில் பாதியை உள்ளே கவிழ்த்துவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று பதறிப்போய்ச் சோதித்தால், மஞ்சள். அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டாள்.

இன்று வாலுவுக்குத் தலை சீவிவிடும்போது உச்சியில் முத்தம் கொடுத்தாள். தூங்கி எழுந்த குழந்தையின் தலையில் வேர்வையும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை இருக்கும். அது இல்லை. கழுத்தில் மோந்தாள். அங்கும் இல்லை.

“கூசுதும்மா!” என்று வாலு நெளிந்தாள்.

குப்பைக் கூடையைத் திறந்து மோந்தாள். தீனி டப்பாவை மோந்தாள். ஒன்றுமில்லை. பாழாய்ப்போன சளி என்று முணுமுணுத்துக்கொண்டு, குழந்தையை ஹவுஸ் ஓனரம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு ஓடினாள்.

லாண்டரிக் கதவைத் தள்ளியதும் பிளீச்சிங் பவுடர் மூக்கில் குத்தியது. கண்ணில் நீர் வந்தது. கூடையிலிருந்த ஒரு சட்டையை எடுத்தாள்: சிகரெட், டீசல், நேற்றைய மழை. தன் புடவை முந்தானையை மோந்தாள். ஒன்றுமில்லை.

மூக்கில் கோளாறு இல்லை.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. மதியம் வரை பொறுத்துப் பார்த்தாள், முடியவில்லை. கடைக்காரனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். அந்தப் பழைய தொட்டியில மீனே இல்ல.”

“இல்லையா? எத்தனை நாளா?”

“எட்டு மாசமா.”

அவன் சிரித்தான். “அப்ப அந்தப் பஞ்சு எப்பவோ செத்திருக்கும்க்கா. அதுக்கும் தீனி வேணும்ல? டெஸ்ட்ல பச்சை காட்டியிருக்குமே?”

“மஞ்சள்தான் தம்பி. முதல் நாள்லேருந்து மஞ்சள்தான்.”

சிரிப்பு நின்றது. “முதல் நாள்லேருந்தா? அப்ப உயிரோடதான் இருக்கு. மீனே இல்லாம எட்டு மாசம் எதைக்கா தின்னுச்சு?”

அவள் கை அயர்ன் மேஜையில் ஊன்றியிருந்தது. எதிரே மடித்து அடுக்கிய சட்டைகள். ஒவ்வொன்றுக்கும் கழுத்துப் பொத்தான் மட்டும் போட்டிருந்தது. போட்டது அவள்தான். கழற்றிக் கொடுக்கிறவன் எவனும் பொத்தானைப் போட்டுக் கொடுக்க மாட்டான்.

மாடி அறை நாற்காலியில் இருந்த சட்டைக்கு எல்லாப் பொத்தானும் போட்டிருந்தது. கீழே பேன்ட், பெல்ட் மாட்டியபடி. தரையில் செருப்பு, இரண்டும் தொட்டியைப் பார்த்து. வலது கை மட்டும்... அந்தச் சட்டையின் வலது கை தொட்டித் தண்ணீருக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினாள்.

மழை பிடித்துக்கொண்டது. நனைந்த தார் ரோட்டின் வாடை, சாக்கடை, பேக்கரியின் சூடான ரொட்டி, எல்லாம் மூக்கில் வந்து மோதின. தெருமுனை வரை மோதின. வீட்டு கேட்டைத் தொட்டதும் எல்லாம் நின்றன. மழைக்குக்கூட வாடை இல்லை.

ஹவுஸ் ஓனரம்மா வாசலில் துணியை அள்ளிக்கொண்டிருந்தாள். “ஏம்மா இப்படி நனைஞ்சு வர்ற? உன் வாலு மீனப் பாக்கணும்னு ஒரே அடம். வீட்டைத் திறந்துவிட்டேன், சமத்தா உக்காந்திருக்கா.”

“எவ்வளவு நேரமா?”

“நீ போனதுலேருந்தே.”

கதவு. இருட்டு. தொட்டி விளக்கு மட்டும். மோட்டாரின் உறுமல்.

வாலு குட்டி நாற்காலியைத் தொட்டியை ஒட்டி இழுத்துப் போட்டிருந்தாள். கன்னம் கண்ணாடியில் பதிந்திருந்தது. கவுனின் வலது கை தண்ணீருக்குள் தோள்வரை முங்கியிருந்தது. ஆறு மீன்களும் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று கவுன் கையின் ஓரத்தைத் தாண்டி, குழந்தையின் கை இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே வந்தது. அங்கே மீன் தடுமாறியது, எதிலோ முட்டிக்கொண்டது போல, பிறகு விலகிப் போனது.

அதற்கு அப்பால் கூழாங்கற்கள். பஞ்சு. தெளிந்த தண்ணீர்.

“அம்மா!” வாலு திரும்பிச் சிரித்தாள். “ஒரு மீன்கூடச் சாகல, பாரு!”

“எடுடி. கைய வெளிய எடு.”

“எடுத்துட்டேனே.”

நாற்காலிப் பக்கத்தில் கவுனின் கை ஈரமாகத் தொங்கியது. அதன் ஓரத்துக்குக் கீழே, அந்தரத்தில், தண்ணீர் ஐந்து இடங்களில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அந்தச் சொட்டுகள் அவளை நோக்கி நகர்ந்தன. ஐந்து சின்ன விரல்கள், சில்லென்று, அவள் ஆட்காட்டி விரலை இறுகப் பிடித்துக்கொண்டன.