இரவல் மழைக்கோட்டு

சிதறால் மலையடிவார பஸ் நிறுத்தத்துக்குள் பிரீனா ஓடி நுழைந்த வேகத்தில், அவளுடைய குடைக்கம்பி அங்கே நின்றவன் காதில் குத்தியது.

"யம்மா! கண்ணு தெரியாதா?"

"எனக்குத் தெரியும்… குடைக்குத்தான் தெரியல."

அவன் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. என்ன கண்கள் அவை! மழை ஓய்ந்த குளம் போல அப்படியோர் அமைதி… கருங்கல் ஊரில் மெடிக்கல் கடையில் வேலை; தினமும் எத்தனையோ முகம் பார்க்கிறவள்தான். நெஞ்சு இப்படிப் படபடத்ததே இல்லை. சீ, என்ன இது என்று துப்பட்டாவைப் பிழிந்தாள்.

பெயர் அனிஷ். பட்டாளத்தை விட்டு வந்து ஆறு மாதம்.

"பட்டாளக்காரர் மழைக்குப் பயந்து ஒதுங்கி நிக்கியளா?"

"ஒதுங்கலேன்னா உங்ககிட்ட எப்படிக் குத்து வாங்குகது?"

அடடா, பேசவும் வருதே! மலை மேகத்துக்குள் மறைந்தே போயிருந்தது. இந்த பஸ் வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

வந்துவிட்டது, சனியன்!

வளைந்து கிடந்த குடையைப் பார்த்துவிட்டு, அனிஷ் தன் பச்சை மழைக்கோட்டைக் கழற்றி நீட்டினான்.

"நனையாதிய. வச்சுக்கிடுங்க."

"எங்க கொண்டு தரணும்?"

"தர வேண்டாம். எனக்கு இனி தேவைப்படாது. பைக்க அத்தானுக்குக் குடுத்தாச்சு, வாட்ச்ச கூட்டுக்காரனுக்கு. பட்டாளத்துல, போறதுக்கு முந்தி சாமானெல்லாம் ஒப்படைச்சிடணும்…"

"கல்ஃபுக்குப் போறியளாக்கும்?"

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்காவ."

ஏறப்போன பிரீனா நின்றுவிட்டாள். லீவுக்கு வந்த அண்ணனும் இப்படித்தான், புதுப் போனை அவள் கையில் திணித்தான். 'எனக்கு எதுக்குட்டி, நீ வச்சுக்கோ.' அவள் துள்ளிக் குதித்து வாங்கிக்கொண்டாள். ஏன் என்று துருவிக் கேட்கவில்லை… அதுதான் அண்ணனின் கடைசி லீவு.

"நீங்க… சாகணும்னு நெனைக்கியளா?"

அவன் முகம் கறுத்தது. "நான் பட்டாளக்காரன். எனக்கு ஒண்ணுமில்ல. ஏறுங்க."

"பஸ்ஸு போகட்டும். எங்க அண்ணனும் பட்டாளம்தான். ஒண்ணுமில்லன்னுதான் சொன்னான்… நான் நம்பிட்டேன். நீங்க கோவப்பட்டாலும் சரி, நான் போகமாட்டேன்."

பஸ் போய்விட்டது. அனிஷ் அங்கிருந்த திண்டில் உட்கார்ந்தான்.

"ஆமா… நெனைச்சேன்," என்றான். "யார்ட்ட சொல்ல? சிரிப்பாவன்னு…" குரல் உடைந்து அழுதுவிட்டான்.

பிரீனா பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவனையே அவன் அக்காவுக்குப் போன் போட வைத்தாள். அக்காவும் அத்தானும் ஆட்டோவில் வரும்வரை நகரவில்லை. நேரே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அவனிடம் திரும்பினாள்.

"கோட்டு இரவல்தான். வெள்ளிக்கிழமை கருங்கல் கடைக்கு வந்து வாங்கணும். வரலேன்னா வீடு தேடி வந்துருவேன், பாத்துக்கிடுங்க."

வெள்ளிக்கிழமை… ஒவ்வொரு காலடிக்கும் வாசலைப் பார்த்தாள். வராவிட்டால்? கடை சாத்தும் நேரத்தில் அக்காவோடு வந்து நின்றான்.

"எப்படி இருக்கிய?"

"எல்லாம்…" சரி என்று சொல்ல வந்தவன் நிறுத்தினான். "சரியில்ல. மாத்திரை திங்கேன். டாக்டர்ட்ட வாரா வாரம் பேசணும். ஆனா… வந்துட்டேன்."

அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்குக் கண் நிறைந்தது.

அப்புறம் வெள்ளிதோறும் கோட்டு கை மாறியது. ஒரு வாரம் அவளிடம், மறுவாரம் அவனிடம். கொளுத்துகிற வெயிலிலும்கூட! கடைக்காரர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். நல்ல நாளும் வந்தது, மோசமான நாளும் வந்தது. மோசமான நாளை அவன் இப்போதெல்லாம் மறைப்பதில்லை.

அடுத்த மழைக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை.

"இதை இனி மாத்தி மாத்திச் சுமக்க என்னால முடியாது, பிரீனா."

அவளுக்குப் பகீரென்றது. "ஏன்… என்னாச்சு?"

"ஒரே வீட்டுல வச்சிருவமா?"

கண்ணில் நீரும் உதட்டில் சிரிப்புமாக அவள் திணறினாள். "குடையும் கூட வருமே…"

"வரட்டும். காதுதானே, குத்திட்டுப் போகுது." அவள் விரலைத் தயங்கித் தயங்கித் தொட்டான். இந்த முறை சிரிப்பு கண்வரைக்கும் வந்திருந்தது. "இனி தேவைப்படாதுன்னு சொன்னேன்லா… தேவைப்படும், பிரீனா. ரொம்பக் காலத்துக்கு."