ஆறு வாரத்தில் தொடங்கிய பேரம்

செவ்வாயின் கந்தகபுரி மருத்துவமனையில் நோயாளிக்கு முதலில் ரத்தம் எடுப்பதில்லை; பயத்தை எடுப்பார்கள். நெற்றியில் ஒட்டும் பொட்டளவு அச்சமானி, நூற்றுக்கு எவ்வளவு என்று காட்டிவிடும். நாற்பதைத் தாண்டினால் கத்தி கிடையாது. அறுவைக்கு முன் மிரண்டவருக்கு அதன் பிறகு வலி இரட்டிப்பு என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பனிக்கட்டி மொத்த வியாபாரி பூவலிங்கத்துக்கு அது எழுபத்தொன்று காட்டியது. அந்த ஊரில் பாதிப்பேர் குடிக்கும் தண்ணீர் அவர் வெட்டிக் கொடுத்தது. அப்பேர்ப்பட்டவர் ஒரு முழங்கால் மாற்றத்துக்கு எழுபத்தொன்று காட்டுவதா? அடுத்த மாதம் மகள் கல்யாணம். மண்டப வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி கும்பிடுகிற தகப்பனாக அவர் இருக்கமாட்டார். மருத்துவரோ மதியம் பூமிக்குக் கப்பலேறுகிறார். மாற்று மருத்துவர் வந்திறங்குவது கல்யாணத்துக்குப் பிறகுதான்.

தாதி இயந்திரம் விதிப்படி ஆறுதல் சொன்னது. திரையில் அருவி காட்டியது. "கவலை வேண்டாம், வலி மிகக் குறைவாகவே இருக்கும்" என்றது. எழுபத்தாறு ஆயிற்று.

"கேக்காமலே இவ்வளவு புகழுதுன்னா சரக்குல ஏதோ குறை இருக்கு" என்று முனகினார் பூவலிங்கம்.

கதை சொல்லிக் கலவரப்படுத்துவார்கள் என்பதால் உறவினருக்கு அனுமதியில்லை. மனைவி இலஞ்சியம் திரையில் வந்து தாதியைப் பிடித்தாள்.

"அவுகளுக்கு ஆறுதல் ஒத்துக்காதும்மா. எங்க அக்கா வீட்டுக்காரரை உள்ள விடு, அஞ்சு நிமிஷம்."

"அச்சம் கூடிவிடும்."

"இப்ப மட்டும் குறைஞ்சு கிடக்காக்கும்?"

தாதி எழுபத்தாறை இன்னொரு முறை பார்த்தது. கதவு திறந்தது. விண்ணுடைக் கடை வைத்திருக்கும் சகலை அருணகிரி வந்து, கட்டில் ஓரத்தில் வசதியாக உட்கார்ந்தார்.

"எனக்குப் போன வருஷம் இதே மூட்டுதான் சகல. ஆறு வாரம் எந்திரிக்கல. நான் கத்துனது மூணாவது குவிமாடம் வரைக்கும் கேட்டுச்சாம்."

பூவலிங்கம் நிமிர்ந்தார். "ஒரு மூட்டுக்கு ஆறு வாரமா?"

"உங்க உடம்புக்கு ஏழுன்னு வச்சுக்கங்க."

"நாலு."

"அஞ்சுக்குக் கீழ யாரும் எந்திரிச்சதில்ல."

"ஜலதோஷத்துக்கே கஞ்சி குடிச்சுப் படுக்குற ஆளு நீங்க. மூணு."

"விளையாடாதீங்க சகல. எலும்பை அறுக்கான்."

"அறுக்கட்டும். ஒரே வாரம். எட்டாம் நாள் உங்க கடைப் படியேறி வாரேன், பாருங்க."

அச்சமானி ஐம்பத்தெட்டு, நாற்பத்தைந்து, முப்பத்திரண்டு என்று இறங்கியது. தாதி கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடியது.

எட்டாம் நாள் சொன்னபடி படியேறினார். வலி பத்துக்கு இரண்டுதான். கல்யாணத்தன்று மண்டப வாசலில் மூன்று மணி நேரம் நின்றார். அதற்கடுத்த வாரம் பரிசோதனைக்கு வந்தபோது நிமிர்த்திய நெஞ்சு இன்னும் இறங்கவில்லை.

"ஆறு வாரத்தை ஒண்ணாக்கிட்டேன். சகலையால முடிஞ்சுதா?"

"பதிவின்படி அருணகிரி ஐந்தாம் நாளே நடந்தார். வலி ஒன்று" என்றது தாதி. அதற்குப் பொய் வராது.

 பூவலிங்கம், தொழில் தெரிந்தவனைத் தொழில் தெரிந்தவன் மெச்சுகிற மாதிரி தலையாட்டிச் சிரித்தார்.

பக்கத்துக் கட்டிலில், புதிதாக வந்த மருத்துவரிடம் நாளைய அறுவைக்குக் காத்திருந்த பள்ளி ஆசிரியை, நெற்றியில் அறுபத்துநான்கோடு கேட்டார். "மூட்டு மாத்துனா ரொம்ப வலிக்குமா சார்?"

"இவருடைய வலி…" என்று தாதி ஆரம்பித்தது. பூவலிங்கம் கையமர்த்தினார்.

"உயிரே போயிருச்சும்மா. ஒன்பது வாரம்."

ஆசிரியை அவரை உச்சி முதல் பாதம் வரை ஒருமுறை அளந்தார். அச்சமானி ஐம்பதுக்கு வந்தது.

"எனக்கு நாலே அதிகம் சார்" என்றார்.